கே-2743: தாம்பரத்திலிருந்து ஆழ்கடல் வரை

ஏ.என்-32 ரக விமானம் இந்தியாவின் தேவைக்காகவே வடிவமைக்கப்பட்டது. கொளுத்தும் வெயிலிலும் மலை உச்சி ஓடுதளத்திலும் பாரத்தோடு எழும்ப வேண்டும் என்று நம் விமானப்படை கேட்டது. கீவ் நகரத்து ஆன்டனோவ் நிறுவனம் அப்படியே செய்து கொடுத்தது. கரடுமுரடான தரையின் கல்லும் மண்ணும் விசிறிகளில் அடிக்காதபடி, இரண்டு எஞ்சின்களையும் இறக்கைக்கு மேலே ஏற்றி வைத்திருப்பார்கள். 1984 முதல் அந்த விமானங்கள் இங்கே வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்றின் எண் கே-2743.

2016 ஜூலை 22, வெள்ளிக்கிழமை. காலை 8.30 மணிக்கு அது தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பியது. உள்ளே 29 பேர். அவர்களில் எட்டுப் பேர் விசாகப்பட்டினம் கடற்படை ஆயுதக் கிடங்கின் ஊழியர்கள். 11.45 வாக்கில் தரையிறங்கியிருக்க வேண்டும். வங்கக் கடல் மீது பருவமழைக் காலத்து இடிமேகங்கள் திரண்டிருந்தன. 9.12 மணியளவில், 23,000 அடி உயரத்தில் பறந்த விமானம் இடப்பக்கம் திரும்பி மளமளவென்று கீழிறங்கியதை ரேடார் காட்டியது. பிறகு திரையிலிருந்தே மறைந்துவிட்டது. உதவி கேட்டு எந்த அழைப்பும் வரவில்லை.

கப்பல்களும் விமானங்களும் நீர்மூழ்கியும் தேடின. 'சாகர் நிதி', 'சமுத்திர ரத்னாகர்' ஆகிய ஆய்வுக் கப்பல்களும் போயின. எதுவும் அகப்படவில்லை. செப்டம்பர் 15-ம் தேதி, 29 பேரும் இறந்துவிட்டதாகக் கருதப்படுவதாகக் குடும்பங்களுக்குத் தெரிவித்தார்கள்.

ஏன் கிடைக்கவில்லை? விமானத்தில் இருந்த அவசர ரேடியோ தண்ணீருக்குள் பயன்படாது. கடல்நீர் ரேடியோ அலையை விழுங்கிவிடும்; ஒலிதான் அதில் வெகுதூரம் போகும். அதனால்தான் பயணிகள் விமானங்களின் கறுப்புப் பெட்டியோடு ஒரு சிறு ஒலிக்கருவியைப் பொருத்துகிறார்கள். நனைந்த உடனே அது விழித்துக்கொள்ளும். பேட்டரி தீரும்வரை, பல வாரங்களுக்கு, விநாடிக்கு ஒருமுறை ஒலி எழுப்பும். கே-2743-ல் அந்தக் கருவி இல்லை.

ஏழரை ஆண்டுகள் கழித்துத் தடயம் கிடைத்தது. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்திடம், கடலடியில் கனிமம் தேடுவதற்காக வாங்கிய ஆளில்லா நீர்மூழ்கி ஒன்று இருக்கிறது. 6,000 மீட்டர் ஆழம்வரை இறங்கக்கூடியது. சென்னைக் கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அது ஒலியலைகளால் தரையைத் துழாவிப் படமெடுத்தது. படங்களில் விமானச் சிதைவு தெரிந்தது. அந்தப் பகுதியில் வேறெந்த விமானமும் காணாமல் போனதாகப் பதிவு இல்லை. ஆகவே அது கே-2743 ஆக இருக்கலாம் என்று 2024 ஜனவரி 12 அன்று பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது.

உடல்கூடக் கிடைக்காத வீட்டில் துக்கம் முடிவதில்லை. எங்கே விழுந்தது என்ற ஒரு பதிலுக்காக அந்தக் குடும்பங்கள் ஏழரை ஆண்டு காத்திருந்தன. இடிமேகத்தை நம்மால் தடுக்க முடியாது. அந்தக் காத்திருப்பைத் தவிர்த்திருக்கலாம். கடல் தாண்டும் ஒவ்வொரு ராணுவ விமானத்திலும் அந்தச் சிறு ஒலிக்கருவி இருந்தாக வேண்டும். அதில் ஏறிப் போகிறவர்களுக்கு நாடு செய்ய வேண்டிய குறைந்தபட்சக் கடமை அது.