பழைய பிக்கப் வண்டிகளில் எரிபற்றல் தொகுதி மாற்றம்

பழைய பிக்கப் வண்டிகளில் எரிபற்றல் தொகுதி மாற்றம் என்பது, தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட பாயிண்ட் வகை எரிபற்றல் தொகுதியை நீக்கிவிட்டு, வெளிச்சந்தையில் கிடைக்கும் மின்னணுத் தொகுதியைப் பொருத்துவதைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவில் 1970களின் நடுப்பகுதிக்கு முன் உருவான செவ்ரோலெட் சி10, ஃபோர்டு எஃப்-100 போன்ற பெட்ரோல் வண்டிகளில் இம்மாற்றம் பரவலாகச் செய்யப்படுகின்றது. கூடுதல் இழுவிசை, எரிபொருள் சிக்கனம், குறைந்த பராமரிப்பு ஆகிய மூன்றும் இதன் பயன்களாக விளம்பரப்படுத்தப்படுகின்றன. பழைய தொகுதி நல்ல நிலையில் இருக்குமானால் முதலிரண்டும் பெரும்பாலும் கிடைப்பதில்லை; மூன்றாவதே உண்மையான பயனாகும். டீசல் எஞ்சினில் அழுத்தப்பட்ட காற்றின் வெப்பமே எரிபொருளைப் பற்றவைப்பதால், டீசல் லாரிகளுக்கு இது பொருந்தாது.

பாயிண்ட் தொகுதி இயங்கும் விதம்

சார்லசு கெட்டரிங் வடிவமைத்த மின்கல எரிபற்றல் முறை 1910 ஆம் ஆண்டின் காடிலாக் மகிழுந்துகளில் இடம்பெற்றது. பின்னர் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் பெட்ரோல் வண்டிகளில் இம்முறையே கோலோச்சியது. டிஸ்ட்ரிபியூட்டரின் உள்ளே சுழலும் கேம், இரு சிறு உலோக முனைகளைத் திறந்து மூடுகின்றது. இவையே பாயிண்ட் எனப்படும். முனைகள் மூடியிருக்கும்போது காயிலின் முதன்மைச் சுற்றில் மின்னோட்டம் பாய்ந்து காந்தப்புலம் உருவாகும். அவை திறந்தவுடன் அப்புலம் சரிந்து, துணைச் சுற்றில் பல ஆயிரம் வோல்ட் தூண்டப்பட்டு, ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறி தோன்றும். முனைகளுக்கு இணையாக உள்ள கண்டன்சர், அவை கருகாமல் காக்கின்றது.

இம்முறையின் பலவீனம் முனைகளிலேயே உள்ளது. ஏறத்தாழ 4 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் சென்றால் அவை விரைவில் அரிக்கப்படும். கேமின் மீது உரசும் சிறு கட்டை தேயத் தேய முனைகளின் இடைவெளி குறைந்து, தீப்பொறி தோன்றும் நேரம் பின்தங்குகின்றது. ஓட்டுநர் இதனை உணர்வதில்லை. வண்டி சிறிது சிறிதாகச் சோம்பலாகிக்கொண்டே போகும்.

வோல்ட் எண்ணிக்கை பற்றிய மயக்கம்

காயில்கள் '40,000 வோல்ட்', '60,000 வோல்ட்' என்ற பெயரோடு விற்கப்படுகின்றன. ஆனால் பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதற்கு எவ்வளவு மின்னழுத்தம் தேவையோ அவ்வளவுதான் மின்னழுத்தம் உயரும். அந்த அளவை எட்டியதும் தீப்பொறி பாய்ந்துவிடும். சாதாரண ஓட்டத்தில் இது 10,000 முதல் 15,000 வோல்ட் வரை போதுமானது. பழைய காயிலே 20,000 வோல்ட்டுக்கு மேல் தரவல்லது. எஞ்சிய திறன் தேய்ந்த பிளக், ஈரமான வயர், அதிக அழுத்த விகிதம் போன்ற நிலைமைகளுக்கான கையிருப்பு மட்டுமே. எரிகலவை ஒருமுறை ஒழுங்காகப் பற்றிக்கொண்ட பின், பற்றவைத்த பொறி பெரிதா சிறிதா என்பதால் எஞ்சினின் திறன் குறிப்பிடத்தக்க அளவு மாறுவதில்லை.

உயர் சுழற்சியில் மட்டும் நிலைமை வேறுபடுகின்றது. எட்டு உருளை எஞ்சின் ஒன்று நிமிடத்திற்கு 4,000 சுற்றுகள் சுழலும்போது, நொடிக்கு ஏறத்தாழ 267 தீப்பொறிகள் தேவை. ஒவ்வொன்றிற்கும் கிடைப்பது 3.75 மில்லிநொடி, அதில் முனைகள் மூடியிருப்பது சுமார் 2.5 மில்லிநொடி. காயில் முழுமையாக நிறைய இது போதாமல் போகலாம். பந்தய வண்டிக்கு இது பெரிய குறை. ஆனால் வைக்கோலும் விறகும் ஏற்றி 2,000 சுற்றுகளில் ஊர்ந்து செல்லும் பிக்கப் அந்த எல்லையை எட்டுவது அரிது. ஆறு உருளை எஞ்சினில் இத்தேவை மேலும் குறைவு.

உற்பத்தியாளர்கள் மாறிய காரணம்

கிரைசுலர் நிறுவனம் 1973 ஆம் ஆண்டு மாதிரிகளில் மின்னணு எரிபற்றலைப் பொதுவாக்கியது. செனரல் மோட்டார்சின் 'எச்.ஈ.ஐ.' தொகுதி 1975 இல் பரவலாயிற்று. அதே காலத்தில் ஃபோர்டும் மாறியது. இழுவிசையைக் காட்டிலும் புகை வெளியேற்ற விதிகளே இதற்கு முதன்மைக் காரணம். பற்றாமல் வெளியேறும் பெட்ரோல் வினையூக்கி மாற்றியைக் கெடுத்துவிடும் என்பதால், பல ஆயிரம் மைல்களுக்கு நேரம் பிசகாத தொகுதி தேவைப்பட்டது. அக்கால எஞ்சின்களின் மெலிந்த கலவையைப் பற்றவைக்க வலிய பொறியும் வேண்டியிருந்தது. 1968 இல் உருவான ஒரு வண்டியின் செறிந்த கலவைக்கு இத்தேவை இல்லை.

மாற்று வகைகள்

மிக எளியது, டிஸ்ட்ரிபியூட்டரை அப்படியே வைத்துக்கொண்டு பாயிண்ட் இருந்த இடத்தில் சிறு காந்த உணரியைப் பொருத்துவது. இவற்றில் பல, 1879 இல் எட்வின் ஹால் கண்டறிந்த ஹால் விளைவின் அடிப்படையில் இயங்குகின்றன. உரசும் பகுதி இல்லாததால் நேரம் விலகுவதில்லை. அன்றாடம் ஓட்டும் வண்டிக்கு இதுவே போதுமானது. முழு டிஸ்ட்ரிபியூட்டரையும் மாற்றுவது, பழையது தேய்ந்துவிட்டபோது பொருளுள்ளது. ஒரே சுழற்சியில் பல பொறிகளைத் தரும் கண்டன்சர் இறக்க வகைப் பெட்டிகள் விலை மிக்கவை. பணிவண்டிக்கு அவற்றால் கிடைக்கும் நன்மை சிறிது. தொழிற்சாலையிலேயே மின்னணுத் தொகுதியோடு வந்த 1975க்குப் பிந்தைய வண்டிக்கு எந்த மாற்றமும் பெரும்பாலும் வீண் செலவே.

மாற்றத்திற்கு முன் பார்க்கவேண்டியவை

மாற்றிய பின் 'வண்டி புதிதாகிவிட்டது' என்று கூறுவோர் பலர். அவர்களது பழைய தொகுதி ஒழுங்காகச் சீரமைக்கப்பட்டிருந்ததா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. புதிய பிளக், புதிய வயர், சரியான நேர அமைப்பு ஆகியவையும் பெரும்பாலும் அதே நாளில் சேர்த்தே செய்யப்படுகின்றன.

டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு புஷ் தேய்ந்து ஆடினால் பாயிண்ட் இடைவெளி ஒவ்வோர் உருளைக்கும் மாறும். வெற்றிட முன்னேற்றியின் சவ்வு கிழிந்திருந்தால் சீரான ஓட்டத்தில் பெட்ரோல் செலவு கூடும். மையவிலக்கு எடைகள் துருப்பிடித்து நின்றிருந்தால் இழுவிசை குறையும். இவற்றில் பின்னிரண்டையும் காந்த உணரி தீர்ப்பதில்லை.

மின்கம்பியமைப்பிலும் கவனம் தேவை. பழைய வண்டிகளில் காயிலுக்குச் செல்லும் மின்சாரம் ஒரு மின்தடை அல்லது தடைக்கம்பி வழியே குறைக்கப்படுகின்றது. எச்.ஈ.ஐ. வகைக்கு முழு 12 வோல்ட் தேவை. தடைக்கம்பியை விட்டுவைத்தால் பொறி நலிந்துவிடும். மாறாக, குறைந்த மின்தடை கொண்ட காயிலைப் பழைய பாயிண்டோடு இணைத்தால் முனைகள் கருகும். எஞ்சின் ஓடாதபோது சாவியைத் திறந்தே வைப்பதால் சில மின்னணுத் தொகுதிகள் எரிந்துபோவதும் உண்டு.

பழுதாகும் விதமும் வேறு. பாயிண்ட் படிப்படியாகவே கெடும். சாலையோரத்தில் அரத்தால் தேய்த்து, மெல்லிய அட்டையால் இடைவெளியைக் கணித்து வீடு சேரலாம். மின்னணுத் தொகுதி அரிதாகவே கெடும், கெட்டால் பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி நின்றுவிடும். இதனால் உணரி பொருத்திய பின்னும் பழைய பாயிண்டையும் கண்டன்சரையும் தகட்டோடு சேர்த்து வண்டியிலேயே வைத்திருக்கும் வழக்கம் உள்ளது. ஒரு திருப்புளியைக் கொண்டே அவற்றை மீண்டும் பொருத்திவிடலாம். தடைக்கம்பியை வெட்டி எறியாமல் ஒதுக்கி வைத்திருந்தால்தான் அதுவும் இயலும்.