பென்ஸ் லாரியும் ஆசாரியின் கையும்

இந்திய லாரிக்குப் பிறந்த ஊர் இரண்டு. எஞ்சினும் சேசிஸும் ஜாம்ஷெட்பூரிலோ எண்ணூரிலோ பிறந்தன. ஓட்டுநர் அமரும் கேபினும் சரக்கேற்றும் தொட்டியும் நாமக்கல், திருச்செங்கோடு போன்ற ஊர்களின் பட்டறைகளில் மரத்தாலும் தகரத்தாலும் பிறந்தன. முதல் பிறப்புக்குச் சான்றுகள் ஏராளம். நிறுவன வரலாறுகள், ஆண்டறிக்கைகள், விளம்பரங்கள் என்று ஓர் அலமாரியே நிறையும். இரண்டாம் பிறப்புக்கு லாரி ஒன்றே சான்று. அது உடைக்கப்பட்டால் சான்றும் போயிற்று. 1968இல் பதிவான டாட்டா மெர்சிடஸ் பென்ஸ் லாரி ஒன்றை, ஓய்வுபெற்ற ஃபிட்டரான நண்பருடன் சேர்ந்து என் வீட்டுக் கொல்லையில் வைத்துப் பிரித்துப் பூட்டிய இரண்டு ஆண்டுகளில்தான் இந்த வேறுபாடு எனக்கு உறைத்தது.

முதல் பிறப்பின் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பம்பாயில் 1928 முதல் ஜெனரல் மோட்டார்ஸும், சற்றுப் பின்னால் ஃபோர்டும், வெளிநாட்டுப் பாகங்களைத் தருவித்து இங்கே பூட்டி விற்றன. உள்நாட்டிலேயே பாகங்களைச் செய்யும் திட்டம் உள்ளவர்களுக்கே இனி இடம் என்று 1953இல் சுங்கவரி ஆணையம் பரிந்துரைத்தது. இரு நிறுவனங்களும் கடையைக் கட்டின. ரயில் எஞ்சின் செய்வதற்கென்று 1945இல் ஜாம்ஷெட்பூரில் தொடங்கப்பட்ட டெல்கோ, 1954இல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டு லாரித் தொழிலுக்கு வந்தது. சென்னையில் 1948இல் தோன்றி ஆஸ்டின் கார்களைப் பூட்டிவந்த அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. 1969இல் டைம்லர் ஒப்பந்தம் முடிந்ததும் டெல்கோ லாரியின் முகப்பிலிருந்த மும்முனை நட்சத்திரம் இறங்கி, டாட்டாவின் 'டி' ஏறியது. பெயர் மட்டும் இறங்கவில்லை. எங்கள் பக்கத்தில் அதற்குப் பிறகும் நெடுங்காலம் அது 'பென்ஸ் லாரி'தான்.

எஞ்சின் எங்களை அதிகம் சோதிக்கவில்லை. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். பிஸ்டன், லைனர், பேரிங் எல்லாம் சேலத்துக் கடைகளில் தேடினால் அகப்படுகின்றன. 1951இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட மைக்கோவின் பம்பைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். எஞ்சினுக்கு அளவு உண்டு, அளவுக்குப் புத்தகம் உண்டு. நண்பர் நாற்பது ஆண்டு கையில் வைத்திருந்த மைக்ரோமீட்டருக்கு முன்னால் சந்தேகங்கள் நெடுநேரம் நிற்பதில்லை.

மரத்துக்குப் புத்தகம் இல்லை. அன்றைய லாரி பெரும்பாலும் முகப்போடு கூடிய வெறும் சேசிஸாகவே தொழிற்சாலையை விட்டு வெளியேறியது. கேபின் கட்டாத அந்த வண்டியை வெயிலிலும் மழையிலும் பல நூறு மைல் ஓட்டிவருவதற்கென்றே ஓட்டுநர்கள் இருந்தார்கள். மீதியைச் செய்தவர்கள் தச்சர்களும் கொல்லர்களும். எங்கள் லாரியின் தொட்டியைப் பிரித்தபோது அடியில் வேம்பு, அதன்மேல் வாகை, பிற்காலத்தில் ஒட்டுப்போட்ட இரும்புத் தகடு என்று மூன்று தலைமுறை வேலை அடுக்கடுக்காக இருந்தது. கேபின் நெற்றிப் பலகையின் சாயத்தைச் சுரண்டினால் பச்சைக்குக் கீழே மஞ்சள், மஞ்சளுக்குக் கீழே காவி. காவியின்மேல் ஏதோ ஒரு குடும்பத்தின் குலதெய்வப் பெயர், கடைசி எழுத்து மட்டும் அழிந்து.

குறுக்குச் சட்டங்களின் இணைப்பு எங்களுக்குப் பிடிபடவில்லை. ஆணி இல்லை, மரத்தை மரம் கவ்வி, மேலே இரும்புப் பட்டை இறுகியிருந்தது. பக்கத்து ஊரிலிருந்து வயதான ஆசாரி ஒருவரை அழைத்துவந்தோம். தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது மாட்டுவண்டிக்குப் பார் வைக்கிற கை. லாரிக்கு வந்தப்பறமும் கை மாறலை" என்றார். வண்டி செய்தவர்களே லாரிக்கு நகர்ந்தார்கள் என்பதை நான் கேள்விப்பட்டதுண்டு. அதன் தடயத்தைக் கையால் தொட்டது அப்போதுதான். வானம் பார்த்த பூமியை விற்று லாரி வாங்கிய விவசாயியைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அவருக்குத் தொட்டி கட்டிக்கொடுத்த கையைப் பற்றிப் பேச்சே இல்லை.

நண்பருக்கும் எனக்கும் பிணக்கு வந்தது இந்த இடத்தில்தான். உளுத்த சட்டத்தை மாற்றாமல் லாரி பாரம் தாங்காது. மாற்றினால் ஆசாரி காட்டிய கை அழிந்துவிடும். "நிற்பதற்கா லாரி செய்தார்கள்?" என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான். ஒவ்வோர் இணைப்பையும் அளந்து வரைந்துகொண்டு, அதே முறையில் ஆசாரியைக் கொண்டே புதுச் சட்டம் செய்வித்தோம். பழைய சட்டங்களில் நான்கை எறியாமல் வைத்திருக்கிறேன்.

முகப்பு இன்னொரு வழக்கு. 1968 வண்டிக்கு நட்சத்திரமே உரியது. ஆனால் எங்களிடம் வந்தபோது அதில் 'டி' பொறித்த பிற்கால முகப்பு இருந்தது. எங்கோ மோதி, மாற்றியிருக்க வேண்டும். நண்பர் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு நட்சத்திரமும் கொண்டுவந்துவிட்டார். எந்த ஆண்டுக்குத் திருப்புவது? 1968க்கு என்றால் அதன் பிறகான உழைப்பெல்லாம் கறையாகிவிடும். மோதியதும் அந்த லாரியின் வரலாறு என்றே நான் கருதுகிறேன். 'டி' நீடிக்கிறது, நட்சத்திரம் அவர் வீட்டு அலமாரியில்.

சட்டத்தின் கண்ணில் இந்தக் கேள்வியே எழவில்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த பழம்பெரும் வாகன விதி, ஐம்பது ஆண்டு கடந்த இருசக்கர வாகனங்களுக்கும் பயணிகள் கார்களுக்கும் மட்டுமே உரியது. அவையும் சேசிஸிலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றமின்றி மூல வடிவில் இருக்க வேண்டும். சரக்கு லாரிக்கு அதில் இடமில்லை. இருந்தாலும் பயனில்லை என்பேன்: பட்டறையில் உடல் பெற்று, மூன்று முறை உடல் மாற்றிய வண்டிக்கு மூல வடிவம் என்று எதைக் காட்டுவது? அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த கழிவுக் கொள்கையில் மட்டும் லாரிக்குத் தாராளமாக இடமிருக்கிறது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் குளிர்சாதனம் கட்டாயமாகியிருக்கிறது. ஓட்டுநர்களுக்கு எப்போதோ கிடைத்திருக்க வேண்டிய வசதி. ஆனால் மரக் கேபின் கட்டும் பட்டறைக்கு இனி வேலை ஏது?

ஆசாரி சொல்லச் சொல்ல இணைப்புகளின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். இதுவரை பதினேழு சேர்ந்திருக்கின்றன. அவற்றில் ஐந்தை எந்த அகராதியிலும் காணவில்லை.