ஜப்பானியர் ஆட்சியில் தோட்டத்துப் பெண்கள்

1941 டிசம்பர் 8-ஆம் நாள் கோத்தா பாருவில் ஜப்பானியப் படை கரையிறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அடுத்த மூன்றரை ஆண்டுகளைத்தான் நம் மூத்தோர் 'ஜப்பான்காரன் காலம்' என்றனர். சயாம் மரண ரயிலுக்குப் போன ஆண்களின் துயரம் ஓரளவு எழுதப்பட்டுவிட்டது. லயத்தில் தங்கிக் குடும்பத்தைக் காத்த பெண்களின் பாடு அந்த அளவுக்குப் பதிவாகவில்லை.

அரிசிக்குப் பதில் கிழங்கு

இரப்பர் ஏற்றுமதி நின்றதால் பல தோட்டங்களில் பால்மரம் வெட்டும் வேலை முடங்கியது. சம்பளமும் இல்லை, அரிசியும் இல்லை. மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை பர்மா, சயாம் போன்ற நாடுகளிலிருந்து தருவித்து வந்தது. போரில் அந்த வரவு குலைந்தது.

1944-இல் சிங்கப்பூரில் பங்கீட்டு அரிசி மாதத்திற்கு ஆணுக்கு 4.8 கிலோ, பெண்ணுக்கு 3.6 கிலோ எனக் குறைந்திருந்தது. கள்ளச்சந்தையில் அரிசி வாங்க நகைகள் விலைபோயின. பெண்கள் காடு வெட்டி மரவள்ளி, சர்க்கரைவள்ளி நட்டனர். கிழங்கைக் காயவைத்து மாவாக்கி அடை சுட்டனர். அதன் கொழுந்திலையும் கறியானது. தேங்காய் எண்ணெய் கிடைக்காதபோது செம்பனை எண்ணெயில் சமைத்தனர். துணி கிடைக்காததால் சாக்கையும் தைத்து உடுத்தினர்.

போனவர் திரும்பவில்லை

1943-இல் சயாம்-பர்மா ரயில் பாதைக்குத் தோட்டங்களில் ஆள் பிடித்தனர். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்றனர். வர மறுத்தவர்களை வலுக்கட்டாயமாக லாரியில் ஏற்றினர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதைக்கு மலாயாவிலிருந்து போனவர்கள் 70,000-க்கும் அதிகம். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். காலராவும் மலேரியாவும் பட்டினியும் பல்லாயிரம் பேரைக் கொன்றன.

இறந்தவர் பற்றி வீட்டுக்குத் தகவல் வரவில்லை. கணவன் உயிரோடு இருக்கிறானா என்பதே தெரியாத பெண், தாலியைக் கழற்றவும் முடியாமல் காத்திருந்தாள். பிள்ளைகளின் பசிக்கும் முதியோரின் நோய்க்கும் அவள் ஒருத்தியே பொறுப்பு. சிப்பாய்களுக்கு அஞ்சிய பெற்றோர், பெண் பிள்ளைகளின் முடியை வெட்டி ஆண் உடை உடுத்தினர். சிலர் சிறு வயதிலேயே அவசரமாக மணம் முடித்து வைத்தனர்.

துப்பாக்கி ஏந்தியவர்கள்

1943 அக்டோபரில் சிங்கப்பூரில் கேப்டன் லட்சுமி தலைமையில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. கோலாலம்பூர் ஜானகி தேவர், ஈப்போ ராசம்மா போன்ற படித்த பெண்களோடு, எழுதப் படிக்கத் தெரியாத தோட்டப் பெண்களும் அதில் சேர்ந்தனர். இந்திய விடுதலை ஒரு காரணம். மரியாதையோடு வாழ ஓர் இடம் கிடைத்ததும் பலருக்குக் காரணமானது.

போருக்குப் பின்

1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பியதும் வாழைமர நோட்டு செல்லாக்காசானது. சேர்த்து வைத்த பணம் ஒரே நாளில் வெறும் காகிதமாயிற்று. கணவனை இழந்த பெண்கள் மீண்டும் வாளியைத் தூக்கிக்கொண்டு பால்மரக் காட்டுக்குப் போனார்கள். அவர்கள் வளர்த்த பிள்ளைகளின் வாரிசுகளே இன்று இந்நாட்டில் வாழும் பல குடும்பங்கள். பாட்டி சொன்ன கதை நினைவிருப்பவர்கள், பெயரும் தோட்டமும் ஆண்டும் சேர்த்து அதை எழுதி வைப்பது நல்லது. பல வீடுகளில் அதைத் தவிர வேறு ஆவணம் இல்லை.