மீன் ஆயும் கத்திக்குப் பின்னால் 4,000 வருஷக் கதை

"டாக்டர், ஒகேனக்கல்ல மீன் வாங்கிட்டு வர்றோம், வீட்ல ஆயணும். கையை வெட்டிக்காம இருக்க எந்தக் கத்தி நல்லது?" தையல் போட வர்றவங்க பாதிப் பேர் கேட்கிற கேள்வி இது. ஓசூர் கம்பெனிகள்ல வேலை பார்த்துக்கிட்டு லீவு நாள்ல தூண்டிலோடு கிளம்புற தம்பிகளும் கேட்பாங்க.

கடைகள்ல இன்னிக்கு மூணு வகை கிடைக்கும். மடக்குக் கத்தி, ஆன்லைன்ல வர்ற பளபள ஸ்டெயின்லெஸ் கத்தி, கொல்லர் பட்டறையில கையால அடிச்ச இரும்புக் கத்தி. என் ஓட்டு மூணாவதுக்குத்தான். ஏன்னு சொல்லக் கொஞ்சம் பின்னாடி போகணும். நீளமான த்ரெட், டீ போட்டுக்கிட்டு வாங்க.

அஞ்செட்டி இருக்கிற இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துல மயிலாடும்பாறைன்னு ஒரு ஊர். 2021-ல் மாநிலத் தொல்லியல் துறை அங்கே தோண்டியது. அதுக்கு முன்னாடியே 2003-ல் பேராசிரியர் கா. ராஜன் அங்கே ஆய்வு செய்திருந்தார். இரும்புப் பொருட்களோடு கிடைத்த மாதிரிகளைக் கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்பினால், வந்த ஆண்டுகளில் ஒன்று கி.மு. 2172. மே 2022-ல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் வந்த அறிக்கை தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளைக்கு கி.மு. 3345 வரை போகிறது. இதில் அறிஞர்களுக்குள் விவாதம் இருக்கு, இருக்கவும் வேண்டும். மயிலாடும்பாறைக் கணக்கை மட்டும் எடுத்தாலும், நம்ம மலைப்பக்கம் இரும்போடு பழகி 4,000 வருஷம் தாண்டிடுச்சு. இந்த மாவட்டத்து நடுகற்களைப் பார்த்திருப்பீங்க. வில்லோ வாளோ ஏந்தி நிற்கிற வீரன் இடுப்பில் ஒரு குறுங்கத்தி செருகியிருக்கும். மடக்காத கத்திதான்!

இரும்பு வேறு, உருக்கு வேறு. வெறும் இரும்பில் கூர் நிற்காது. அதுக்குள்ள அளவாகக் கரி சேரணும். நம்ம ஆட்கள் செய்த முறையைக் கேளுங்க. சின்ன மண் குகை (மூசைன்னும் சொல்வாங்க). அதுக்குள்ள இரும்புத் துண்டு, காய்ந்த ஆவாரங்குச்சி, மேலே எருக்கு இலை. வாயை மண்ணால் பூசி அடைத்து, உலையில் வைத்துத் துருத்தி ஊதுவார்கள். குச்சியும் இலையும் கரியாகி இரும்புக்குள் இறங்கும். உடைத்தால் உள்ளே உருக்குக் கட்டி. ரோட்டோரத்துல ஆவாரம்பூ பறிக்கிறோமே, அதே ஆவாரைதான்.

இந்தக் கட்டியைத்தான் ஐரோப்பியர்கள் 'வூட்ஸ்' என்றார்கள். கன்னட 'உக்கு' மருவி வந்த பெயர் என்பதுதான் பலரும் ஏற்கிற விளக்கம். தமிழ், கன்னடம், தெலுங்கு மூணும் கலந்து பேசுற அஞ்செட்டிக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இங்கே என் தொழில்காரர்கள் கதைக்குள் நுழைகிறார்கள். 1794-ல் பம்பாயிலிருந்து டாக்டர் ஹெலனஸ் ஸ்காட் இந்த உருக்குக் கட்டிகளை லண்டன் ராயல் சொசைட்டித் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பினார். (1802 ஜூன் 14-ல் இந்தியாவின் முதல் அம்மைத் தடுப்பூசியை ஒரு 3 வயதுக் குழந்தைக்குப் போட்டதும் இதே ஸ்காட்தான்.) 1795-ல் அதை ஆராய்ந்து கட்டுரை எழுதிய ஜார்ஜ் பியர்சனும் ஒரு மருத்துவர். அதில் கத்தி செய்து பார்த்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட், அறுவை சிகிச்சைக் கருவிகள் செய்கிறவர். ஐரோப்பாவின் எந்த உருக்கையும்விட இந்திய உருக்கே மேல் என்று தன் கடை விளம்பர அட்டையிலேயே அச்சடித்துக்கொண்டார்! நம்ம குகை உருக்கு லண்டன் சர்ஜன் கைக்குப் போன கதை எங்க மருத்துவப் படிப்புல எங்கேயும் வராது. எனக்கு அதில் வருத்தம்தான்.

ஸ்டோடார்ட் ஓர் இளைஞரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். கொல்லர் மகன், பெயர் மைக்கேல் ஃபாரடே. பிற்காலத்தில் மின்சாரத்தில் பெயர் வாங்கிய அதே ஃபாரடே. இந்திய உருக்கின் ரகசியத்தைப் பிடிக்க 1820-லும் 1822-லும் இருவரும் வெளியிட்ட ஆய்வுகளில் பல உலோகங்களை உருக்கோடு கலந்து பார்த்தார்கள். அதில் குரோமியமும் ஒன்று. பின்னாளில், 1913-ல் ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி உண்டாக்கிய துருப்பிடிக்காத எஃகுக்கு அடிப்படையும் குரோமியம்தான்.

அடுத்து நம்ம ஊர்ப் பக்கமே வருவோம். ஜோசையா மார்ஷல் ஹீத், மதராஸில் கம்பெனி அதிகாரி. சேலம் பக்கத்து இரும்புத் தாதுவைப் பார்த்து மயங்கி வேலையை விட்டுவிட்டு 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். கரி போதாமல், கடன் மேல் கடன். ஆலை தேறவில்லை. ஆனால் மனுஷன் நம்ம கொல்லர்கள் உருக்கு செய்யும் முறையைக் கவனித்து எழுதி வைத்தார். இங்கிலாந்து திரும்பி, உருக்கில் மாங்கனீஸ் சேர்த்தால் தரம் கூடும் என்று கண்டு 1839-ல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டில் அவருடைய முகவராக இருந்த அன்வின் என்பவரே அந்த முறையில் சின்ன மாற்றம் செய்து உரிமைத்தொகை கொடுக்காமல் தப்பித்தார். வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. 1851-ல் ஹீத் இறந்தார். 1855-ல் பிரபுக்கள் சபை அன்வின் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

ஹீத்துக்காவது வழக்குப் போட நீதிமன்றம் இருந்தது. நம்ம உலைக்காரங்களுக்கு அதுவும் இல்லை. கப்பலில் மலிவு இரும்பு வந்து இறங்கியது. 1882-ல் மதராஸ் வனச் சட்டம் வந்தது. மரம் வெட்டிக் கரி சுடுவது குற்றமாகிப் போனது. தாது காலடியில் கிடக்கு, கை வித்தை தெரியும், கரிக்கு மட்டும் வழியில்லை. ஒவ்வொரு உலையாக அணைந்தது. காட்டைக் காப்பது வேணும்தான், யானை நடக்கிற அஞ்செட்டிக் காட்டை வெட்டச் சொல்ல மாட்டேன். ஆனா அன்னிக்குச் சட்டம் போட்டவங்களுக்குக் கப்பலும் ரயில்பாதையும்தான் கணக்கு, யானை இல்லை.

இரும்பு உருக்குகிறவர் போனார், அடிக்கிறவர் மட்டும் மிஞ்சினார். கிடைத்த பழைய இரும்பில் அவர் அடித்தார். லாரிகள் பெருகிய பிறகு அவருக்கு ஒரு புதையல் கிடைத்தது, லாரி அடியில் அடுக்கியிருக்கும் ஸ்பிரிங் பட்டை. 1980-ல் ஓசூரில் அசோக் லேலண்ட் ஆலை வந்தது. லாரிக்கும் பழைய பட்டைக்கும் இந்தப் பக்கம் பஞ்சமே இல்லை. அந்தப் பட்டை நல்ல கரிச்சத்துள்ள உருக்கு. அதில் மாங்கனீஸும் உண்டு, ஹீத் வாழ்க்கையைத் தொலைத்த அதே மாங்கனீஸ்!

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். பட்டறைக்குப் போனா "ஸ்பிரிங் பட்டையில அடிச்சதா?"ன்னு கேளுங்க. அரத்தை விளிம்பில் லேசா ஓட்டிப் பாருங்க. வெண்ணெய் மாதிரி சீவிட்டு வந்தா தோய்த்தது சரியில்லை, கூர் நிற்காது. அரை கிலோ கெண்டை, ஜிலேபிக்கு 5 அங்குல அலகு தாராளம். அலகு இரும்பு பிடியின் கடைசி வரை ஓடணும்; பாதியில் நின்றால் ஒரு நாள் கழன்று கையோடு வரும்.

நான் அதிகம் சொல்ல விரும்புறது பிடியைப் பற்றித்தான். மீன் கொழகொழப்பில் கை நனைந்திருக்கும். முனை நடு எலும்பில் இடிக்கும். கத்தி நின்றுவிடும், கை முன்னால் வழுக்கி அலகு மேல் போகும். விரலை மடக்குகிற தசைநார் அறுந்தா தையலோடு முடியாது; அறுவை சிகிச்சை, மாசக்கணக்கில் பயிற்சி. தறி, லேத், அசெம்பிளி லைன் வேலைக்காரருக்கு அது சம்பளமில்லாத மாசங்கள். அதனால பிடிக்கு முன்னால் கை தடுக்கிற மேடு ஒன்று வைக்கச் சொல்லுங்க. கொல்லர் செய்து கொடுப்பார், அதான் கையால செய்ற கத்தியோட லாபம். மடக்குக் கத்தி வேண்டாம்: பூட்டு நழுவினா விரல் மேலேயே மடங்கும், மடிப்புக்குள் போன ரத்தத்தைக் கழுவவும் முடியாது. வீட்டில் அருவாமனை இருந்தா கத்தியே தேவையில்லை. காலால் அழுத்திக்கிட்டு ரெண்டு கையாலும் மீனைப் பிடிக்கிற அந்த யோசனைக்கு ஈடு நான் பார்த்ததில்லை.

"இரும்புக் கத்தி துரு பிடிக்குமே, டெட்டனஸ் வராதா?" துருவால் டெட்டனஸ் வராது. 1889-ல் கிடசாட்டோ பிரித்தெடுத்த அந்தக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் இருக்கும். ஸ்டெயின்லெஸ் கத்தி வெட்டினாலும் காயத்தில் மண் பட்டா ஆபத்து அதேதான். கழுவி, துடைச்சு, ஒரு சொட்டு எண்ணெய் தடவினா துரு அண்டாது. மீன் வெட்ட வெட்ட அலகு கறுக்கும், அதைத் தேய்க்காதீங்க, நல்லதுதான்.

கெளுத்தி முள் குத்தினா கை பொறுக்கிற அளவு சுடுதண்ணியில் வைங்க, வலி இறங்கும். காயம் வாரக்கணக்கில் ஆறலைன்னா "மீன் ஆய்ஞ்சப்ப பட்டது"ன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. அப்புறம், கண்ணுக்கு நல்லதுன்னு மீன் பித்தப்பையைப் பச்சையா முழுங்குறதைத் தயவுசெய்து நிறுத்துங்க, கிட்னி போயிடும்.

கடைசியா டெட்டனஸ் ஊசி போட்டு 10 வருஷம் ஆச்சா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிடி ஊசி இலவசம். பட்டறைக்குப் போற வழியிலேயே போட்டுக்கலாம்.