லட்சுமிக்குப் புடவை சாத்தினவர்கள்

பழைய கடையில் ஒரு படத்தை மலிவா வாங்கி, அது மேலே நம்ம கைவேலையைக் காட்டி, வீட்டுச் சுவரில் மாட்டிக்கிறது இப்போ ஒரு ஃபேஷன். செய்யறவங்க ஏதோ போன வருஷம்தான் கண்டுபிடிச்ச மாதிரி பேசறாங்க. நம்ம ஊர் ஆச்சிகளும் பாட்டிகளும் நூறு வருஷத்துக்கு முன்னாடியே இதைச் செஞ்சிருக்காங்க, அதுவும் ரவிவர்மா படத்து மேலேயே! பதிவு கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க :-)

முதலில் படம் எப்படி வீட்டுக்குள் வந்தது என்று பார்த்துவிடுவோம். அதற்கு முன்பு நம் பக்கத்தில் சாமி படம் என்றால் பெரும்பாலும் கையால் எழுதியதுதான். தஞ்சாவூர்ப் படமோ கண்ணாடிப் படமோ, காசுள்ளவர் வீட்டுச் சமாச்சாரம். கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த டி. மாதவராவ் 1880-களில் ரவிவர்மாவுக்கு ஒரு யோசனை சொன்னார். உங்கள் படத்தைக் கேட்பவர்கள் ஏராளம், எல்லாருக்கும் எழுதித்தர உங்களால் ஆகாது, ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சுப் போடுங்கள் என்கிற ரீதியில். ரவிவர்மா ஒரு படி மேலே போய், 1894-ல் பம்பாயில் சொந்த அச்சகமே போட்டுவிட்டார். ஜெர்மன் இயந்திரம், ஜெர்மன் தொழில்நுட்பம். முதலில் வந்தது சகுந்தலையின் பிறப்பு.

அச்சு என்றால் இன்றைக்குப் பொத்தானை அமுக்குவது போல இல்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சுண்ணாம்புக் கல். எத்தனை நிறமோ அத்தனை கல், அத்தனை தடவை தாள் ஏறி இறங்கணும். ஒரு கல் மயிரிழை விலகினாலும் லட்சுமியின் உதடு கன்னத்துக்குப் போய்விடும். கடைசியில் எண்ணெய் ஓவியம் போலத் தெரிய மேலே வார்னிஷ். 1899-ல் அச்சகம் லோனாவாலா பக்கம் மளவலிக்கு இடம் மாறியது. கொஞ்ச வருஷத்தில் கடன் தாங்காமல் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மன்காரருக்கே விற்றார்கள். ரவிவர்மா 1906-ல் காலமானார். அச்சகம் மட்டும் பல பத்தாண்டுகள் ஓடி, 1972-ல் தீயில் போனது.

இப்படி ஊரெல்லாம் ஒரே லட்சுமி. தாமரை மேலே நிற்பாள், பக்கத்தில் மாலை ஏந்தின யானை. இங்கேதான் நம்ம பொம்பளைங்க உள்ளே வர்றாங்க.

வாங்கின படத்தை அப்படியே மாட்டாமல், பழைய பட்டுப் புடவையில் துண்டு வெட்டி, அச்சில் இருக்கும் சேலை மடிப்புக்குச் சரியாக அளவெடுத்து மேலே வைத்து ஒட்டினார்கள். தைத்தவர்களும் உண்டு. கரைக்குச் சரிகை. கிரீடத்துக்கும் நகைக்கும் ஜிகினா, சமிக்கி, பாசிமணி. சிலர் துணிக்கு அடியில் பஞ்சு வைத்து மேடாக்கினார்கள். முகம், கை, பாதம் மட்டும் தொடமாட்டார்கள், அது அச்சாகவே இருக்கும். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த படங்களில் இதைப் பார்க்கலாம். நம்ம பக்கம் மட்டும் என்றில்லை, வடக்கேயும் மேற்கேயும் இதே வேலை நடந்திருக்கிறது.

ஏன் செய்தார்கள்? பொழுதுபோக்கு, கைவேலை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அது போதாது. கோயிலில் மூலவருக்கு நாம் புடவை சாத்துகிறோம், அலங்காரம் பண்ணுகிறோம். சிலை அழகாக இல்லை என்பதாலா? உபசாரம் அது. வீட்டுக்கு வந்த சாமிக்கும் அதே உபசாரம்தான். இன்னொன்றும் உண்டு. பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் அதே லட்சுமி தொங்கும்போது, என் கல்யாணப் புடவைத் துண்டைக் கட்டிக்கிட்டிருக்கிறவ எங்க வீட்டு லட்சுமி மட்டும்தானே?

ராஜஸ்தான் நாத்துவாராவில் இதைவிட ஒரு படி தாண்டினார்கள். ஸ்ரீநாதர் பக்கத்தில் பக்தர்கள் குடும்பத்தோடு நிற்பது போல எழுதி, தலைக்கு மட்டும் அவர்களுடைய புகைப்படத்தை வெட்டி ஒட்டிவிடுவார்கள். மனோரத் படம் என்று பெயர். ஃபோட்டோஷாப்பெல்லாம் அப்புறம் வந்ததுங்க :-)

இந்தப் படங்கள் வீட்டை விட்டு வெளியே வந்த கதை அவ்வளவு சிரிப்பானது இல்லை. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததும் நகரத்தார் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள். பின்னால் அங்கே நிலமும் தொழிலும் அரசுடைமை. இங்கே பெரிய வீடுகள், ஒரு வீட்டுக்குப் பத்து இருபது பங்காளிகள், பராமரிக்கக் காசில்லை. தேக்குத் தூணும் கதவும் போன வழியிலேயே பூஜை அறைப் படங்களும் போயின. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்தால் அதில் மிச்சம் மீதி பார்க்கலாம்.

அந்தத் தெருவில்தான் நானும் ஒரு லட்சுமியை வாங்கினேன். விலை சொல்ல மாட்டேன், வீட்டிலும் இதைப் படிக்கிறாங்க. கண்ணாடியைத் துடைக்கச் சட்டத்தைக் கழற்றினால், பின்பலகையில் பென்சிலில் "விரோதிகிருது தை" என்று எழுதியிருந்தது. ஆங்கில வருஷம் இல்லை. நம்ம வருஷம் அறுபதுக்கு ஒரு தரம் திரும்பி வருமே. 1912-ம் விரோதிகிருது தைதான், 1972-ம் விரோதிகிருது தைதான்!

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மார்புப் பக்கம் சரிகை கறுத்துப் போயிருந்தது, சமிக்கி உலோகம். கீழே கரையோரம் பளபளவென்று பிளாஸ்டிக் சமிக்கி. அது பழைய காலத்துச் சாமான் இல்லை. ஆக, இரண்டு காலத்தில் இரண்டு கை பட்டிருக்கு. மாமியார் தைத்ததை மருமகள் புதுப்பித்தாள், அதுவும் சரியாக அறுபது வருஷம் கழித்து என்று எழுத எனக்கும் ஆசைதான். சாட்சி அவ்வளவு தூரம் வராது.

பழைய படம் சேர்க்கும் நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, "துணியை உரிச்சிடுங்க, உள்ளே கலர் புதுசா இருக்கும், நல்ல விலை போகும்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. வெளிச்சம் படாத இடம் மங்காது. ஓரத்தில் பிரிந்து தொங்கிய துணிக்கடியில் அந்தச் சிவப்பை நானே பார்த்தேன். ஆனால் உரித்த படம் ஆயிரத்தில் ஒன்று. இந்த லட்சுமி ஒரே ஒருத்தி. அச்சகத்தின் வேலையை மீட்கிறேன் என்று பெயர் தெரியாத இரண்டு பெண்களின் வேலையைக் குப்பையில் போடுவதா? "அசலைக் காப்பாத்தணும் சார்" என்றார். எது அசல் என்பதுதானே சண்டையே.

போன வாரம் பேசினப்போ அவரே இன்னொரு கதை சொன்னார். இப்போது ஜோடித்த படத்துக்குத் தனி மவுசு வந்துவிட்டதால், வெறும் படத்துக்குப் பழைய சரிகையை ஒட்டி "ஆன்ட்டிக் சார்" என்று சிலர் தலையில் கட்டுகிறார்களாம். வாங்கப் போகிறவர்கள் ஏற்கனவே பிரிந்திருக்கும் ஓரம் ஏதாவது இருந்தால் உள்ளே எட்டிப் பாருங்கள். அடியில் நிறம் பளிச்சென்று இருந்தால் துணி ரொம்ப நாளாக அங்கே இருக்கிறது. சுற்றியுள்ள இடம் போலவே மங்கியிருந்தால், துணி நேற்று வந்தது. பிரியாததைப் பிரிக்காதீர்கள். மைதா பசை வைத்து மறுபடி ஒட்டவும் வேண்டாம், பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி ஆகும். வெயில் படாத சுவர் முக்கியம்.

எங்கள் லட்சுமியின் கொசுவத்தில் பூச்சி அரித்த ஓட்டை ஒன்று இருந்தது. என் மனைவி அவங்க அம்மாவின் அரக்குப் புடவையிலிருந்து இரண்டு விரல் அகலத் துண்டு வெட்டி, பசை தொடாமல், பழைய துணியோடு மட்டும் லேசாக நாலு தையல் போட்டாங்க. நாளைக்கு யாருக்காவது வேண்டாம் என்றால் நூலை வெட்டினால் போதும். நண்பருக்கு இன்னும் கோபம். சட்டத்தை மூடுவதற்கு முன் பின்பலகையில், பழைய எழுத்துக்குக் கீழே, அதே மாதிரி பென்சிலில் "விளம்பி தை" என்று எழுதினாங்க. பக்கத்தில் 2019 என்றும்.