காலடி மண்ணும் ஒரு பேராசிரியரின் கணக்கும்

பிறரைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது எளிது. அந்தச் சொல்லுக்கு எவரும் சான்று கேட்பதில்லை. வேலையில் பின்தங்குகிறவரையும், நடுப்பகலில் மரத்தடியில் சாய்கிறவரையும், வகுப்பறையில் கண் சொருகும் சிறுவனையும் அந்த ஒரே சொல்லால் அளந்துவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வாழ்ந்த ஏழை உழவர்களும் ஒரு காலத்தில் இவ்வாறே அளக்கப்பட்டனர். 1902ஆம் ஆண்டில் சார்லஸ் ஸ்டைல்ஸ் என்னும் விலங்கியல் அறிஞர், அம்மக்களின் குடலில் கொக்கிப்புழு வாழ்வதையும் அது அவர்களின் குருதியை நாள்தோறும் உறிஞ்சுவதையும் எடுத்துரைத்தார். 'சோம்பலின் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது' என்று செய்தித்தாள்கள் கேலி செய்தன. ஆனால் அவர் கூறியது உண்மை. சோம்பேறிகள் என இகழப்பட்டவர்கள் நோயாளிகளாக இருந்தனர்.

இந்த நோயின் வரலாற்றில் தமிழ் உழைப்பாளர்களுக்கும் இடமுண்டு என்பதை நம்மில் பலர் அறியோம். உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் இடையே அமைந்த நம் அனுமந்தன்பட்டி, முல்லைப் பெரியாற்று நீரால் செழித்த ஊர். 1895இல் பெரியாறு அணை எழுந்தபின் நெல்லும் தென்னையும் பன்னீர் திராட்சையும் விளையும் பூமியாக இப்பள்ளத்தாக்கு விளங்குகின்றது. எனினும் கீழே கிடைக்கும் வேலை எல்லாருக்கும் போதுவதில்லை. விடியுமுன்பே ஆண்களும் பெண்களும் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறிக் கம்பம் மெட்டு வழியாக இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்குச் செல்வதை நாம் அன்றாடம் காண்கிறோம். ஏலச்செடிக்கு நிழலும் ஈரமும் மக்கிய இலைமண்ணும் வேண்டும். கொக்கிப்புழுவின் குஞ்சும் விரும்புவது அத்தகைய மண்ணையே. ஆகவே இவ்வரலாறு நமக்கு வெறும் பழங்கதை அன்று.

புழுவின் பயணம்

1838இல் இத்தாலியின் மிலான் நகரில் இறந்துபோன உழவர்குலப் பெண் ஒருவரின் உடலைச் சோதித்த மருத்துவர் டுபினி, இப்புழுவை முதன்முதலாகக் கண்டார். 1880ஆம் ஆண்டளவில் ஆல்ப்ஸ் மலையில் கோத்தார்டு சுரங்கப்பாதையைக் குடைந்த தொழிலாளர்கள் வெளுத்துச் சோர்ந்து வீழ்ந்தபோதுதான், அவர்களின் இரத்தசோகைக்கு இதுவே காரணம் என்பது தெளிவாயிற்று. ஆயினும் அது உடலுக்குள் எவ்வழியே நுழைகிறது என்பது புதிராகவே இருந்தது. கெய்ரோவில் பணியாற்றிய ஜெர்மானிய அறிஞர் ஆர்தர் லூஸ், புழுக்குஞ்சுகள் நிறைந்த நீர் தற்செயலாகத் தம் கைமீது சிந்த, அவ்விடத்தில் அரிப்பை உணர்ந்தார். சில வாரங்களில் அவருடைய மலத்திலேயே புழுவின் முட்டைகள் தென்பட்டன. 1898இல் அவர் வெளியிட்ட இச்செய்தியைக் கேட்டோர் முதலில் நம்பத் தயங்கினர்.

பின்னர் முழுப்பாதையும் விளங்கிற்று. நோயுற்றவரின் மலத்தோடு முட்டைகள் மண்ணில் விழுகின்றன. வெதுவெதுப்பும் ஈரமும் நிழலும் வாய்த்தால் அவை ஓரிரு நாளில் பொரிகின்றன. ஐந்து முதல் பத்து நாள்களுக்குள் குஞ்சு வளர்ந்து, வெறுங்காலின் தோலைத் துளைக்கும் ஆற்றல் பெறுகின்றது. அங்கிருந்து குருதி வழியாக நுரையீரலுக்கும், தொண்டைக்கும், இறுதியில் சிறுகுடலுக்கும் செல்கின்றது. தென்னிந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் நெக்கேட்டர் வகைப் புழு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலிட்டர் குருதியை இழக்கச் செய்கின்றது. பத்துப் புழுக்கள் இருப்பின் நல்ல உணவு உண்பவர் அதை உணரவும் மாட்டார். நூறு புழுக்கள் இருப்பின் ஒரு மாதத்தில் ஏறத்தாழ 90 மில்லிலிட்டர் குருதி போய்விடும். கீரையும் பருப்பும் போதிய அளவு கிட்டாத ஏழைத் தாய் இதனை எதைக்கொண்டு ஈடுசெய்வார்?

மண்டபமும் மலையகமும்

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்க் கூலித் தொழிலாளர்கள் இந்நோயைத் தம்முடன் சுமந்து சென்றனர். அங்கே நெருக்கமான லயன் அறைகளில் வாழ்ந்து, கழிப்பறையின்றித் தேயிலைச் செடிகளின் மறைவிடங்களுக்கே சென்றனர். அதனால் நோய் மேலும் பெருகிற்று. அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1916இல் மாத்தளைப் பகுதியில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது, சோதிக்கப்பட்ட தொழிலாளர்களுள் மிகப் பெரும்பாலோர் புழுவைச் சுமப்பவர்களாகவே இருந்தனர். பின்னாளில் கடல் கடக்குமுன் மண்டபம் முகாமிலேயே அம்மை குத்துவதோடு புழு நீக்கும் மருந்தும் புகட்டப்பட்டது.

அக்கால மருந்துகள் கடுமையானவை. நம் ஓமத்திலிருந்து எடுக்கப்பட்ட தைமால் என்னும் ஓம உப்பு அவற்றுள் ஒன்று. மருந்துண்டவர் நலமடைந்தார். ஆனால் பழைய மண்ணையே மீண்டும் மிதித்தார், மீண்டும் நோயுற்றார். தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று விரும்பிய முதலாளிகள் பலர் கழிப்பறைக்குப் பணம் செலவிட விரும்பவில்லை. ஒரு நோயை மட்டும் மருந்தால் துரத்துவது போதாது என்னும் பாடத்தை இந்த அனுபவம் புகட்டிற்று. அதன் விளைவாக 1926இல் களுத்துறையில், தாய்சேய் நலம், தூய்மை, நோய்த்தடுப்பு, நலக்கல்வி ஆகிய அனைத்தையும் ஒருங்கே கவனிக்கும் சுகாதாரப் பிரிவு உருவாயிற்று.

இவ்விடத்தில் விவிலியத்தின் கட்டளை ஒன்று நம் நினைவுக்கு வருகின்றது. இணைச்சட்டம் 23ஆம் அதிகாரம், பாளையத்துக்கு வெளியே ஒதுக்கிடம் அமைக்கவும், குழி தோண்டிக் கழிவை மண்ணால் மூடவும் இஸ்ரயேல் மக்களைப் பணிக்கின்றது. பாளையத்தின் நடுவே உலவும் இறைவனின் தூய்மையே அதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றது. காலடி மண்ணின் தூய்மையையும் வழிபாட்டின் தூய்மையையும் அவ்வேடு பிரித்துப் பார்க்கவில்லை.

கல்கத்தா வந்த பேராசிரியர்

இக்காலத்தில்தான் ஆசா சாண்ட்லர் என்பவர் இந்தியா வந்தார். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலிருந்த ரைஸ் கல்விக்கழகத்தில் அவர் உயிரியல் பேராசிரியர். அவர் மருத்துவர் அல்லர், மாணவர்க்குப் பாடம் சொல்லும் ஆசிரியர். 1918இலேயே மனிதரைப் பீடிக்கும் ஒட்டுண்ணிகளைப் பற்றி எளிய நடையில் நூல் எழுதியவர். 1924 முதல் 1927 வரை கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தங்கி, கொக்கிப்புழு எங்கெங்கு எவ்வளவு பரவியுள்ளது என்று ஆராய்ந்தார்.

அதுவரை எல்லாரும் கேட்டுவந்த வினா ஒன்றே: நூற்றில் எத்தனை பேருக்குப் புழு உள்ளது? அவ்விடையை மட்டும் நம்பினால் நாட்டில் பாதிப்பேருக்கு மேல் நோயாளிகள் என்று அஞ்ச நேரிடும். சாண்ட்லர் வேறொரு வினாவை முன்வைத்தார்: ஒவ்வொருவரும் எத்தனை புழுக்களைச் சுமக்கிறார்? 1923இல் நார்மன் ஸ்டோல் வகுத்திருந்த முறையால், ஒரு கிராம் மலத்தில் உள்ள முட்டைகளை எண்ணிப் புழுக்களின் அளவைக் கணிக்கலாம். அவ்வாறு எண்ணியபோது, வங்காளத்தின் பல பகுதிகளில் பெரும்பான்மையோரிடம் புழு இருந்தும் சுமை சிறிதே என்பது தெரிந்தது. வேறு சில இடங்களில் சுமை பெரிதாக இருந்தது. புழு இருப்பது ஒன்று, புழுவால் நலிவது மற்றொன்று.

இதிலிருந்து பிறந்ததே சாண்ட்லர் குறியீட்டெண். ஓர் ஊரார் அனைவரையும் சேர்த்துக் கிராமுக்குச் சராசரி முட்டை எண்ணிக்கை 200க்குக் கீழ் இருப்பின் பெரிதும் கவலைப்பட வேண்டியதில்லை. 200 முதல் 250 வரை இருப்பின் வரக்கூடிய இடருக்கு அறிகுறி. 250 முதல் 300 வரை சிறிய சுகாதாரச் சிக்கல். 300ஐக் கடந்தால் அது பெரிய சிக்கல். இன்றும் நம் நாட்டு மருத்துவ மாணவர்கள் சமூக மருத்துவப் பாடத்தில் இதனைக் கற்கின்றனர்.

வகுப்பறையும் ஒரு மருந்தகம்

சாண்ட்லரின் பெரும்பணி அவர் ஊர் திரும்பிய பின்னும் தொடர்ந்தது. 1929இல் கொக்கிப்புழு நோய் பற்றிய விரிவான நூலை வெளியிட்டார். அவருடைய பழைய நூல், ஒட்டுண்ணியியலுக்கு அறிமுகம் என்னும் பெயரில் பின்னர் பல பதிப்புகள் கண்டு, பல நாட்டு மாணவர்களின் பாடநூலாயிற்று. 1958இல் அவர் மறைந்த பின்னரும் அந்நூல் திருத்தப்பட்டு வெளிவந்தது. எளிய மக்களின் துன்பத்தைத் தொலைவிலுள்ள மாணவனுக்குப் புரியவைப்பதும் மருத்துவப் பணியே என்பதற்கு அவர் வாழ்வு சான்று. அதே காலத்தில் ராக்ஃபெல்லர் பணியாளர்கள் ஊர் ஊராகச் சென்று படக்காட்சி நடத்தினர், நுண்ணோக்கியில் முட்டையை மக்களின் கண்ணுக்கே காட்டினர். தன் கண்ணால் கண்டவர்க்கு அறிவுரை மிகுதியாகத் தேவைப்படவில்லை.

நம் பள்ளத்தாக்கிற்கு

இன்று நிலைமை பெரிதும் மாறியுள்ளது. கழிப்பறைகளும் காலணிகளும் பெருகியுள்ளன. 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரை ஒன்றே பழைய கடுமருந்துகளின் வேலையைத் தீங்கின்றிச் செய்கின்றது. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில், ஒன்று முதல் 19 வயது வரையுள்ளோர்க்கு அது பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் வழங்கப்படுகின்றது. அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களும் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளனர்.

ஆயினும் ஒரு குறை எஞ்சியுள்ளது. உருளைப்புழு குழந்தைகளிடமே மிகுதி, ஆனால் கொக்கிப்புழுவோ வயதுவந்தவர்களிடமும் நிலைத்து நிற்பது. மண்ணில் உழைப்பவரே அதனை மிகுதியாகச் சுமக்கிறார். பள்ளியில் மாத்திரை விழுங்கிய சிறுமியின் தாய்க்கு நாற்பது வயது. அவரை எந்தப் பட்டியலும் தேடி வருவதில்லை. இதனை எண்ணியே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அறிஞர்கள், 2017இல் தொடங்கிய பன்னாட்டு ஆய்வொன்றின் பகுதியாக, திமிரி வட்டாரத்திலும் சவ்வாது மலையிலும் குழந்தைகளுக்கு மட்டும் மருந்தளிப்பதையும் ஊரார் அனைவருக்கும் அளிப்பதையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். எல்லாரையும் எண்ணினால்தான் மண் தூய்மையாகுமா என்பதே அவர்களின் வினா.

நாம் செய்யக்கூடியவை சில உள. மலைக்கு வேலைக்குச் செல்வோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவைச் சோதித்துக்கொள்ள ஊக்குவிக்கலாம். வெளிறிய நாக்கும் மூச்சிரைப்பும் உழைப்பின் இயல்பான விளைவு அல்ல என்று அன்பியக் கூட்டங்களில் எடுத்துச் சொல்லலாம். தோட்ட உரிமையாளரிடம் காலுறையும் பூட்ஸும் கேட்பதோடு, பெண்கள் தயக்கமின்றிப் பயன்படுத்தும் கழிப்பறையையும் கேட்கலாம். அதனைச் சலுகையாகக் கருதாமல், கூலியின் ஒரு பகுதியாகவே கருதிக் கேட்கவேண்டும். மாத்தளையில் மருந்து தோற்றது கழிப்பறை இல்லாமையால்தான்.

எத்தனை பேர் என்று எண்ணுவது ஆட்சிக்குப் போதும். ஒவ்வொருவரும் எவ்வளவு சுமக்கிறார் என்று எண்ணுவதே அன்பின் கணக்கு. அந்தப் பேராசிரியர் முட்டைகளை எண்ணி இதனைக் கற்பித்தார். மாலையில் ஜீப்பிலிருந்து இறங்கித் திண்ணையில் சாயும் ஒருவரைக் காணும்போது, அவரைப் பற்றிச் சொல்லத் தோன்றும் அந்தப் பழைய சொல்லை நாம் அடக்கிக்கொள்வோம். அவருடைய குருதியில் எவ்வளவு எஞ்சியுள்ளது என்று முதலில் கேட்போம்.