அடங்காத உலோகமும் அதற்கிட்ட வேலியும்

உலோகங்களுள் மிக இலேசானது இலித்தியம். கத்தியால் நறுக்கத்தக்க மென்மையும் எண்ணெயிலும் மிதக்கும் எடைக்குறைவும் உடைய இவ்வுலோகத்தை, 1817ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வேதியியலாரான யோகான் ஆகஸ்ட் ஆர்ப்வெட்சன் ஒரு கனிமத்தினுள் கண்டறிந்தார். கல்லிலிருந்து கிடைத்தமையால், கல்லைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதற்குப் பெயராயிற்று. பெயர்தான் கல், இயல்போ கல்லுக்கு முற்றிலும் மாறானது. ஈரக்காற்றுப் பட்டாலே கறுக்கும். நீரைக் கண்டால் பொங்கி ஹைட்ரஜனை வெளிவிடும். தன்னிடமுள்ள எலக்ட்ரானை விட்டுவிடத் துடிக்கும் தன்மையில் இதனை விஞ்சும் உலோகம் வேறில்லை. மின்கலத்திற்கு ஆற்றலைத் தருவதும் அத்துடிப்பே. தீக்கு வழிகோலுவதும் அத்துடிப்பே. இன்று கைத்தொலைபேசி முதல் மின்கார் வரை அனைத்தையும் இயக்கும் இலித்திய மின்கலத்தின் வரலாறு, ஆற்றலைப் பெருக்கிய அறிஞர்களின் வரலாறாகவே பெரிதும் கூறப்பட்டு வருகின்றது. அவ்வாற்றலுக்கு வேலி கட்டியவர்களின் வரலாறு அதன் மறுபாதியாகும்.

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி உலகை உலுக்கிய காலத்தில், எக்ஸான் என்னும் எண்ணெய் நிறுவனமே பெட்ரோலுக்கு மாற்று ஆற்றலைத் தேடும் ஆய்வுகளுக்குப் பொருளுதவி செய்தது. அங்குப் பணியாற்றிய ஸ்டான்லி விட்டிங்காம், டைட்டேனியம் டைசல்பைடின் அடுக்குகளுக்கிடையே இலித்திய அயனிகள் புகுந்து வெளிவரக் கூடும் என்பதைக் கண்டு, மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க கலமொன்றை 1976இல் அறிவித்தார். அதன் எதிர்மின்வாய் உலோக நிலையிலுள்ள இலித்தியம். இங்கேதான் சிக்கல் எழுந்தது. ஒவ்வொரு முறை மின்னேற்றும் பொழுதும் இலித்தியம் சமமாகப் படியாமல், நுண்ணிய முட்களாக வளர்ந்தது. அம்முட்கள் இடைத்திரையைத் துளைத்து எதிர்ப்புறத்தைத் தொட்டவுடன் கலத்தின் உள்ளேயே குறுக்குச்சுற்று ஏற்பட்டு, வெப்பம் மிகுந்து, தீ மூண்டது. உலோகத்தோடு அலுமினியத்தைக் கலந்தும் பார்த்தனர். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்நிறுவனம் அம்முயற்சியைக் கைவிட்டது.

1980இல் ஆக்ஸ்போர்டில் ஜான் குட்இனப், கோபால்ட் ஆக்சைடை நேர்மின்வாயாகக் கொண்டு நான்கு வோல்ட் அழுத்தத்தை எட்டினார். ஆற்றல் பெருகிற்று, எதிர்மின்வாயின் சிக்கல் தீர்ந்தபாடில்லை. கனடாவின் மோலி எனர்ஜி நிறுவனம், மாலிப்டினம் டைசல்பைடும் உலோக இலித்தியமும் கொண்ட கலங்களைத் துணிந்து சந்தைக்குக் கொணர்ந்தது. 1989இல் ஜப்பானியக் கைத்தொலைபேசிகளில் அவை தீப்பற்றவே, விற்ற கலங்கள் யாவும் திரும்பப் பெறப்பட்டன. நிறுவனமும் நொடித்து வேறு கைகளுக்கு மாறியது. வெளியே எத்தகைய நுட்பமான மின்சுற்றை அமைத்தாலும், உள்ளே வளரும் முள்ளை அது வெட்டிவிட இயலாது என்னும் உண்மையை உலகம் முதன்முதலாகப் பெருவிலை கொடுத்துக் கற்றது அப்பொழுதுதான்.

முள் வளரும் நிலத்தையே மாற்றியவர் ஜப்பானின் அசாகி கசெய் நிறுவனத்தைச் சேர்ந்த அகிரா யோஷினோ. அவர் 1985இல் உலோக இலித்தியத்தை அறவே நீக்கிவிட்டு, பெட்ரோலியக் கரியை எதிர்மின்வாயாக வைத்தார். இலித்தியம் அயனி வடிவில் கோபால்ட் ஆக்சைடிலிருந்து கரிக்குள் குடிபுகும். மின்சாரத்தைத் தரும் பொழுது தாயகம் திரும்பும். அடுத்த ஆண்டில் அவர் நடத்திய சோதனையின் எளிமை வியப்புக்குரியது. தம் கலத்தின்மீது கனத்த இரும்புப் பாளத்தை மேலிருந்து விழச் செய்தார்; கலம் நசுங்கியது, தீப்பற்றவில்லை. உலோக இலித்தியக் கலத்தின்மீது அதே பாளம் விழுந்த பொழுது அது கொழுந்துவிட்டு எரிந்தது. இலித்திய அயனிக் கலம் பிறந்த கணம் அதுவே என யோஷினோ பின்னாளில் குறிப்பிட்டார். ஆற்றலை அளந்த நாளைப் பிறந்தநாளாகக் கொள்ளாமல், தீப்பற்றாத நாளை அவ்வாறு கொண்டமை எண்ணத்தக்கது. 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு விட்டிங்காம், குட்இனப், யோஷினோ ஆகிய மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

1991இல் சோனி நிறுவனம் இக்கலத்தை வணிகப் பொருளாக்கியது. அன்றுமுதல் பொறுப்பின் பெரும்பகுதி வேதியியலாரின் கையிலிருந்து மின்னணுப் பொறியாளரின் கைக்கு மாறிற்று. அதன் காரணத்தை அறிய, அதற்கு முன்பு வழக்கிலிருந்த நிக்கல் காட்மியக் கலத்தை நினைவுகூர வேண்டும். அது பொறுமைசாலி. நிறைந்த பின்னும் சிறிதளவு மின்னோட்டத்தைச் செலுத்திக்கொண்டே இருந்தால், நேர்மின்வாயில் தோன்றும் ஆக்சிஜன் எதிர்மின்வாயை அடைந்து மீண்டும் சேர்ந்துவிடும். மிகுதி ஆற்றல் வெப்பமாய் வெளியேறும். நிறைவுற்றதை அக்கலமே அழுத்தத்தைச் சற்றுத் தாழ்த்தி உணர்த்தும். இலித்திய அயனிக் கலத்திடம் இப்பொறுமையும் இல்லை, இவ்வறிவிப்பும் இல்லை. அளவுக்கு மேல் ஏற்றினால், கரிக்குள் இடமின்றிப் போன இலித்தியம் உலோகமாகப் படியத் தொடங்கும். கோபால்ட் ஆக்சைடு நிலைகுலைந்து ஆக்சிஜனை உமிழும். உள்ளிருக்கும் கரைப்பானோ எரியும் இயல்புடையது. எரிபொருளும் ஆக்சிஜனும் ஒரே சிமிழுக்குள் அடைபட்டிருக்கும் நிலை அது. பழைய மின்னேற்றிகள் இதற்கு உதவா என்பது சொல்லாமலே விளங்கும்.

ஆகவே இருகட்ட முறை வகுக்கப்பட்டது. குடத்தில் நீர் நிரப்புவோர் முதலில் குழாயை அகலத் திறந்து, விளிம்பை நெருங்குகையில் படிப்படியாகக் குறைப்பர் அன்றோ? அவ்வாறே முதற்கட்டத்தில் மாறா மின்னோட்டம் செலுத்தப்படும். கலத்தின் அழுத்தம் 4.2 வோல்டை அடைந்ததும், மின்னேற்றி அவ்வழுத்தத்தை அசையாமல் பிடித்து நிறுத்தும். மின்னோட்டம் தானே தேயும். தொடக்க அளவில் பத்தில் அல்லது இருபதில் ஒரு பங்காக அது சுருங்கியதும் வழி அடைக்கப்படும். பின்னர்ச் சொட்டுச் சொட்டாக ஊட்டும் பழைய வழக்கம் இங்கு அறவே கூடாது.

சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது. 4.2 வோல்டிலிருந்து ஏறத்தாழ ஒரு விழுக்காடு, அதாவது 0.05 வோல்ட், மட்டுமே விலக்கு. 0.1 வோல்ட் குறைந்தால் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்களவு வீணாகும். அதே அளவு கூடினால் கலத்தின் ஆயுள் குன்றும், ஆபத்து நெருங்கும். வானொலிப் பெட்டிகளில் வழக்கமாக இடப்பட்ட ஐந்து விழுக்காட்டுப் பிழையுள்ள மின்தடைகளைக் கொண்டு இத்தகைய அளவுகோலை ஆக்க இயலாது. ஒரு விழுக்காட்டுத் தடைகள்கூட, அனுமதிக்கப்பட்ட பிழை முழுவதையும் தாமே விழுங்கிவிடக் கூடும். எனவேதான் ஒப்பீட்டு அழுத்தத்தைச் சில்லுக்குள்ளேயே வைத்து, ஒவ்வொரு சில்லையும் தொழிற்சாலையில் திருத்தி அனுப்பும் முறை நிலைபெற்றது. தட்பவெப்பமும் கணக்கில் கொள்ளப்பட்டது. உறைநிலைக்குக் கீழே மின்னேற்றினால் இலித்தியம் கரிக்குள் விரைந்து புக மாட்டாமல் மேற்பரப்பில் படியும். ஆதலின் பொதுவாக 0 முதல் 45 பாகை செல்சியஸ் வரையே மின்னேற்ற அனுமதி உண்டு. வெப்பத்திற்கேற்ப மாறும் சிறு தடையொன்று கலத்தோடு ஒட்டி நின்று இதனைக் காவல் காக்கும்.

மின்னேற்றி முதல் வேலி. அதுவே பழுதானால்? இக்கேள்வியிலிருந்து பிறந்ததே காப்புச்சுற்று. கலத்தின் தலையில் நகத்தளவுப் பலகையொன்றில் அமர்ந்திருக்கும் இது, மின்னேற்றியை நம்புவதில்லை. தானே தனியாக அளக்கின்றது. அழுத்தம் 4.3 வோல்டை நெருங்கி ஏறத்தாழ ஒரு வினாடி நிலைத்தால் மின்னேற்றத்தைத் துண்டிக்கும். முனைகள் குறுக்காகத் தொட்டுக்கொண்டால் ஆயிரத்தில் ஒரு வினாடிக்கும் குறைந்த நேரத்தில் வழியை அடைக்கும். இதன் கதவுகள் மாஸ்பெட் எனப்படும் இரண்டு டிரான்சிஸ்டர்கள். ஒன்று போதாதா என மாணவர் வினவுவர், வினவவும் வேண்டும். மாஸ்பெட்டின் அமைப்பிலேயே ஒரு டையோடு இயற்கையாக ஒட்டியிருப்பதால், அது மூடப்பட்ட பின்னும் ஒரு திசையில் மின்சாரத்தை விடும். எனவே இரண்டினை எதிரெதிராக இணைக்கின்றனர். ஒன்று உள்வரவைத் தடுக்கும். மற்றது வெளிச்செலவைத் தடுக்கும். அளவு மீறி நிறைந்த கலத்திலிருந்து மின்சாரத்தை எடுத்துக் குறைக்க மட்டும் வழி திறந்திருப்பதற்கும் அந்த டையோடே துணைபுரிகின்றது. குறை எனப்பட்டதையே பயனாக்கிய இவ்வமைப்பு, வகுப்பறையில் கரும்பலகையில் வரைந்து காட்டத்தக்க அழகுடையது.

வெறுமையாக்குவதிலும் ஆபத்து உண்டு என்பதைப் பலர் அறியார். கலத்தை அளவுக்கு மீறி வடித்துவிட்டால் எதிர்மின்வாயைத் தாங்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். பின்னர் மின்னேற்றுகையில் அச்செம்பு வேண்டாத இடங்களில் படிந்து உட்குறுக்குக்கு வித்திடும். இதனால் காப்புச்சுற்று ஏறத்தாழ 2.5 வோல்டிலேயே வெளிச்செலவை நிறுத்துகின்றது. நன்கு அமைந்த மின்னேற்றியும் 3 வோல்டுக்குத் தாழ்ந்த கலத்திற்கு முதலில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தையே தரும். குறித்த நேரத்திற்குள் அழுத்தம் எழாவிடில் அதனை மாண்ட கலமாகக் கருதிக் கைவிடும்.

மடிக்கணினிகள் பெருகிய காலத்தில் கலங்களைத் தொடராக அடுக்க வேண்டியதாயிற்று. மூன்று கலங்களின் மொத்தம் 12.6 வோல்ட் எனின் ஒவ்வொன்றும் 4.2 எனக் கொள்வது இயல்பு. ஆனால் 4.1, 4.1, 4.4 என்றாலும் கூட்டுத்தொகை 12.6தானே! மொத்தத்தை மட்டும் பார்க்கும் சுற்று, எரியும் தறுவாயிலிருக்கும் மூன்றாம் கலத்தைக் காணாது. ஆதலின் ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே அளந்து சமப்படுத்தும் சுற்றுகள் இன்றியமையாதன ஆயின.

இத்தனை வேலிகளும் நின்ற நிலையில்தான் 2006ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் டெல் நிறுவனம் 41 இலட்சம் மடிக்கணினி மின்கலங்களைத் திரும்பப் பெற்றது. ஏனைய நிறுவனங்களும் தொடர்ந்தன. அக்கலங்களைச் செய்தது, இத்துறைக்கு வழிகாட்டிய அதே சோனி நிறுவனம். உற்பத்தியின்போது உள்ளே புகுந்த நுண்ணிய உலோகத் துகள்களே காரணம் எனக் கண்டறியப்பட்டது. காப்புச்சுற்று முனைகளில் தோன்றும் அழுத்தத்தை அறியும். சுருளின் நடுவே கிடக்கும் துகளை அறியாது. 1989இல் கற்ற பாடம் வேறு வடிவில் திரும்பி வந்தது. இதன் விளைவாக ஜப்பானின் மின்னணுத் தொழிற்சங்கமும் மின்கலச் சங்கமும் 2007 ஏப்ரலில் வழிகாட்டி நெறிகளை வெளியிட்டன. தாழ்ந்த வெப்பநிலையிலும் உயர்ந்த வெப்பநிலையிலும் மின்னோட்டத்தையும் அழுத்தத்தையும் குறைத்தே ஏற்ற வேண்டும் என அவை வகுத்தன. துகளைக் காண இயலாத சுற்று, துகளால் வரும் தீங்கு முற்றாதவாறு கலத்தை அமைதியாக வைத்திருக்கலாம் என்பது அதன் உட்கருத்து.

2013 ஜனவரியில் பாஸ்டன் விமான நிலையத்தில் நின்றிருந்த போயிங் 787 ஒன்றின் மின்கலம் புகைந்தது. சில நாட்களில் ஜப்பானில் பறந்த மற்றொன்று தக்காமாட்சுவில் அவசரமாகத் தரையிறங்கியது. அவ்வகை விமானங்கள் அனைத்தும் தரையிலேயே நிறுத்தப்பட்டன. பாஸ்டன் விமானத்தின் பதிவுக்கருவி, அம்மின்கலத்தின் மொத்த அழுத்தம் வகுக்கப்பட்ட 32 வோல்டைத் தாண்டவில்லை எனக் காட்டிற்று. எட்டுக் கலங்களுள் ஒன்றினுள் எழுந்த குறுக்கே அண்டைக் கலங்களுக்கும் பரவியது. பொறியாளர் இம்முறை வேறு வழி கண்டனர். மின்னேற்றும் அழுத்தத்தின் எல்லைகளைச் சுருக்கினர், கலங்களுக்கிடையே காப்பிட்டனர், முழுவதையும் எஃகுப் பெட்டியிலிட்டுப் புகையை விமானத்திற்கு வெளியே போக்கக் குழாய் வைத்தனர். ஒரு கலம் எரியக்கூடும் என ஒப்புக்கொண்டு, எரிந்தாலும் பயணிகளுக்கு ஊறு நேராதவாறு அமைத்த வேலி அது. 2016இல் சாம்சுங் நோட் 7 கைத்தொலைபேசிகளும் கலத்தின் உட்குறையாலேயே எரிந்தன. முதலில் வந்த கலத்தில் மூலைத்தகடு வளைந்திருந்தது. மாற்றாகத் தந்த கலத்தில் பற்றவைப்பின் பிசிறு இருந்தது.

ஆயினும் வேலியே இல்லாமையால் நேரும் தீயும் உண்டு. சிங்கப்பூரில் மின்ஸ்கூட்டர்கள் பெருகிய ஆண்டுகளில், மின்னேற்றும் வேளையில் மூண்ட வீட்டுத் தீச்சம்பவங்களும் பெருகின. 2019 ஜூலையில் புக்கிட் பாத்தோக் அடுக்குமாடி வீடொன்றில் நேர்ந்த தீயில் ஒருவர் உயிரிழந்தார். எரிந்தவற்றுள் தனிநபர் நடமாட்டச் சாதனங்கள் மூன்று இருந்தன. யுஎல் 2272 என்னும் பாதுகாப்புத் தரம் அங்குக் கட்டாயமாக்கப்பட்டு, 2020 ஜூலை முதல் அச்சான்று பெறாத மின்ஸ்கூட்டர்கள் பொதுப்பாதைகளில் தடைசெய்யப்பட்டன. அத்தரம் மின்கலத்தைத் தனியாகவும் மின்னேற்றியைத் தனியாகவும் ஆராயாமல் இரண்டையும் சேர்த்தே சோதிக்கின்றது. பத்துக் கலம் தொடராக அமைந்த அடுக்கிற்கு 42 வோல்ட் மின்னேற்றி உரியது. பதின்மூன்று கலத்திற்கு 54.6 வோல்ட். இரண்டின் செருகியும் ஒரே வடிவில் இருந்து, கைமாறிச் செருகப்பட்டால், பத்துக் கலங்களுள் ஒவ்வொன்றும் 5.46 வோல்டை நோக்கித் தள்ளப்படும். அவ்வேளையில் முதல் வேலியாகிய மின்னேற்றியே பகையாகிவிடுகின்றது. எஞ்சி நிற்பது, நகத்தளவுப் பலகையின் அந்த டிரான்சிஸ்டர் கதவுகள் மட்டுமே. விலை குறைக்க வேண்டி விற்போர் முதலில் நீக்கிவிடுவதும் அப்பலகையைத்தான்.